சுப்பாராவும் முடக்குவாத மாத்திரையும்



செர்காம் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவி ஓய்ந்த பாட்டிமார் சிலருக்குக் காலையில் விரல்கள் மடங்குவதில்லை. எல்லாவற்றையும் 'வாதம்' என்று சொல்லித் தைலம் தேய்த்துவிடுகிறோம். அவற்றுள் ஒன்றான முடக்குவாதம் வேறு வகை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே மூட்டுச் சவ்வைத் தாக்கிப் பெருகும் நோய் அது. அதற்கு வாரம் ஒரு முறை மட்டும் விழுங்கும் சிறு மாத்திரை மெத்தோட்ரெக்சேட். அதன் பின்னால் சென்னையில் பயின்ற ஒருவரின் கதை இருக்கிறது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். உடன்பிறந்தோரை 'ஸ்புரூ' என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் ஆய்ந்து, உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை 1929-இல் வெளிப்படுத்தினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் கண்டறிந்தார். ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை!

1940-இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்புரூ நோயாளிகளின் சோகையை நீக்கிய மருந்து அதுவே. உயிரணு பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். எனவே அதைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றும் பொருள்களையும் அக்குழு ஆக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு 1947-48-இல் போஸ்டன் மருத்துவர் ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிக நிவாரணம் தந்தார். அதன் உறவுப்பொருளே மெத்தோட்ரெக்சேட்.

1948-இல், 53 வயதில், சுப்பாராவ் மறைந்தார். 1951-இல் அமினோப்டெரின் முடக்குவாதத்திற்குச் சோதிக்கப்பட்டது. ஆனால் அப்போது எல்லாருடைய கண்ணும் கார்ட்டிசோன் மீதே இருந்தது. மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்திற்கு அமெரிக்க அரசு ஏற்றது 1988-இல்தான்.

குறைந்த அளவில் இம்மருந்து அடினோசின் என்னும் பொருளைப் பெருக்கி வெள்ளையணுக்களின் சினத்தைத் தணிக்கிறது என்பர். ஏ.டி.பி.யின் முதலெழுத்து அந்த அடினோசினைக் குறிப்பதே.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இதை நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை நலிந்து உயிருக்கே ஆபத்தாகும். என் மாமியாரின் மாத்திரைப் பெட்டியில் 'திங்கள் மட்டும்' என்று என் மகள் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.