மறைந்து விளையாடும் பழுது



வைத்தியர் இல்லத்தை அடைந்ததும் நோயாளியின் காய்ச்சல் தணிந்துவிடுவதுண்டு. யந்திரங்களுக்கும் இத்தகைய நோய் உண்டு. ஓடும்போது தோன்றிச் சோதிக்கும்போது மறையும் பழுதைக் கண்டறிவது எளிதன்று. அமெரிக்க நாட்டின் அண்மை வரலாறு இதற்குச் சான்று தருகின்றது.

முற்காலத்து மோட்டார் வண்டிகளில் ஆக்ஸிலரேட்டர் மிதியை ஒரு கம்பி எஞ்சினோடு இணைத்திருந்தது. பின்னர், கம்பியின் பணியை மின்சாரம் ஏற்றது. மிதி எவ்வளவு அழுத்தப்பட்டது என்பதை இரண்டு சென்சார்கள் வண்டியின் கம்ப்யூட்டருக்கு மின்னழுத்தத்தால் உணர்த்தும். ஒன்று பிழைபட்டால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும் என்பதே இரண்டு வைத்ததன் நோக்கம்.

2009 ஆகஸ்டில் சான் டியேகோ நகருக்கருகே டொயோட்டா நிறுவனத்தாரின் லெக்ஸஸ் வண்டியொன்று கட்டுக்கடங்காமல் விரைந்து மோதியது, நால்வர் மாண்டனர். தரைவிரிப்பு மிதியில் சிக்கியதே காரணம் எனப்பட்டது. எனினும், மின்கருவியில் குற்றமுண்டோ என்ற ஐயம் மக்களை வாட்டியது. எனவே, 2010-இல் அரசினர் நாசா பொறியியலாரின் உதவியை நாடினர்.

பழுதுற்ற மிதியொன்றைப் பிரித்து ஆராய்ந்த அவர்கள் வியப்புறும் பொருளொன்றைக் கண்டனர். இரு சென்சார்களின் மின்முனைகளுக்கிடையே, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளீய இழை பாலமிட்டிருந்தது! வெள்ளீயப் பூச்சிலிருந்து இத்தகைய இழைகள் தாமே முளைக்கும். பொறியியலார் இவற்றை 'மீசை' என்பர். அதிர்ச்சியில் இழை விலகலாம்; மிகு மின்னோட்டத்தில் எரிந்தும் போகலாம். பழுது வந்து வந்து மறைவதன் மர்மம் இதுவே. வெள்ளீயத்தோடு சிறிது காரீயம் சேர்த்தால் இவ்வளர்ச்சி குறையும் என்பது 1950-களிலேயே பெல் ஆய்வுக்கூடத்தார் அறிந்த உண்மை.

குற்றவாளி அகப்பட்டான் என்று நாசாவினர் முரசறைந்தனரா? இல்லை. பழுது ஒன்று, விபத்துக்குக் காரணம் மற்றொன்றாக இருக்கலாம் அன்றோ? வண்டிகள் பெருவேகத்தில் பாய்ந்ததற்கு மின்கருவியே காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில் கூறினர். சான்று கிடைக்காமையாலேயே அது நிகழவே இயலாது என்று ஆகாது என்பதையும் மறவாது எழுதினர்.

சிக்கும் விரிப்பு, ஒட்டிக்கொள்ளும் மிதி ஆகியவற்றைப் பற்றி மக்களைத் தவறான எண்ணங்கொள்ளச் செய்ததை அந்நிறுவனம் 2014-இல் ஒப்புக்கொண்டு, 120 கோடி டாலர் செலுத்த இசைந்தது.

கண்டதைக் கண்டவாறு கூறுதலும், காணாததைக் கண்டதாகக் கூறாமையும் ஆராய்ச்சியின் இரு கண்கள். மனித உயிர்கள் அவற்றை நம்பியே வண்டியேறுகின்றன.