மஞ்சள் கசற்றும் ஒரு மில்லியன் டொலரும்

போன மாதம் பேஸ்மன்ற்றைத் துப்புரவாக்க வெளிக்கிட்டு, பழைய பிஸ்கற் ரின் ஒன்றைத் திறந்தேன். அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வரச் சொன்ன கடிதம், கொழும்பு முத்திரை குத்திய வான்கடிதங்கள் நாலைந்து, எல்லாவற்றுக்கும் கீழே மஞ்சள் மட்டை போட்ட ஒரு கசற். மகளிடம் காட்டினேன்.

"இதை எதில போடுறது அப்பா?"

நியாயமான கேள்விதான். வீட்டில் கசற் போடுகிற பெட்டி இல்லாமல் போய்ப் பதினைந்து வருடமாவது இருக்கும். அவள் தன் தொலைபேசியில் அதே பாட்டுக்களை இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்துவிட்டாள். அன்று தொடங்கி, அந்தக் குழுவின் முதல் நாலு வெளியீடுகளையும் வரிசையாகத் திரும்பக் கேட்டேன். கேட்டபோது தோன்றியவைதான் கீழே வருகின்றன.

குழுவின் பெயர் பெயர்நேக்கட் லேடீஸ். அம்மணப் பெண்கள் என்று அர்த்தம். அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, எங்களோடு அறையில் இருந்த பருத்தித்துறை அண்ணை, "உதை ஆரும் பாக்க முன்னம் ஒளிச்சு வை தம்பி" என்றது இன்னும் காதில் கேட்கிறது. உண்மையில் எல்லாரும் ஆம்பிளைப் பெடியள். அதுவும் எங்கட ஸ்காபரோப் பெடியள். ஸ்டீவன் பேஜும் எட் றொபேட்சனும் வோபேர்ன் உயர்பள்ளியில் படித்தவர்கள். 1988இல் இரண்டு பேராகத் தொடங்கினார்கள். பிறகு ஜிம், அன்டி என்ற கிறீகன் சகோதரர்கள் சேர்ந்தார்கள். 1990இல் ரைலர் ஸ்ருவேட் ட்ரம்ஸ் அடிக்க வந்தார்.

அந்த மஞ்சள் கசற் 1991இல் அவர்கள் தாங்களாகவே வெளியிட்டது. ஐந்து பாட்டு. கம்பனி கிடையாது. 1991 முடிவில் ரொறன்ரோ நகரசபை முன்றலில் நடக்கும் புதுவருடக் கொண்டாட்டத்தில் பாட இருந்தார்கள். பெயர் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று சொல்லி நகரசபை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டது. பழி புதிதாகப் பதவிக்கு வந்திருந்த மேயர் ஜூன் றோலன்ட்ஸ் தலையில் விழுந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. சனம் கடைகளில் போய் மஞ்சள் கசற்றைக் கேட்டது. கனடாவில் கம்பனி துணை இல்லாமல் வெளிவந்து பிளாற்றினம், அதாவது ஒரு லட்சம் பிரதி என்ற அளவை எட்டிய முதலாவது வெளியீடு அதுதான்.

நான் அப்போது வெக்ஸ்போர்ட்டில், லோறன்ஸ் கிழக்கும் வோர்டனும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, இரண்டு அறை வீட்டில் ஐந்து பேரோடு இருந்தேன். வோர்டன் நிலையத்திலிருந்து 68ஆம் இலக்க பஸ். இரவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவல். அங்கே சட்டி பானையில் தாளம் போட்டபடி வேலை செய்கிற ஒரு வெள்ளைக்காரப் பெடியன் இருந்தான். அவன்தான் கசற்றைத் தந்தான். பெயருக்காக ஒருவரை வாசலில் நிறுத்திய கதையை அவன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். என்னுடைய பெயரை அவனும் ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. அது வேறு கதை.

அந்தக் கசற்றில் ஒரு மில்லியன் டொலர் இருந்தால் என்னென்ன வாங்கலாம் என்று இரண்டு பேர் மாறி மாறிக் கதைத்தபடி பாடுகிற பாட்டு ஒன்று இருக்கிறது. பணக்காரரானாலும் கிராஃப்ட் டின்னரை விடமாட்டோம் என்று ஒரு பகிடி வரும். கிராஃப்ட் டின்னர் என்பது பெட்டியில் வரும் சீஸ் மக்கரோனி. இங்கே காசில்லாதவரின் சோறு. நாங்களும் அதைத்தான் சாப்பிட்டோம், ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைப் போட்டு. அந்த நாட்களில் ரசிகர்கள் மேடைக்கு மக்கரோனிப் பெட்டி எறிவார்களாம். பிறகு குழுவினர், எறியாதீர்கள், உணவு வங்கிக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பாட்டு எங்கள் வீட்டில் விளையாட்டாக மாறியது. வேலையால் வந்து படுத்தபிறகு இருட்டில் ஒருவர் தொடங்குவார்: "மில்லியன் கிடைச்சா?" ஏஜென்சிக் கடன் கட்டுறது. தங்கச்சியின் சீதனம். சப்பாத்து ஒன்று, பனி உள்ளே போகாதது. என்னுடைய முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: அம்மாவைக் கூப்பிடுறது.

1992இல் 'கோர்டன்' வந்தது. யங் வீதியில் இருந்த சாம் த ரெக்கோர்ட் மான் கடையில் காசு கொடுத்து வாங்கினேன். (அந்தக் கடையும் 2007இல் மூடப்பட்டது.) கனடாவில் மட்டும் அது பத்து லட்சம் பிரதி என்ற அளவைத் தாண்டியது. இப்போது திரும்பக் கேட்டால் முதலில் படுவது அதிலே எலெக்ட்ரிக் கிற்றாரின் இரைச்சல் எவ்வளவு குறைவு என்பது. மரக் கிற்றார், நின்றபடி வாசிக்கிற பெரிய டபிள் பாஸ், கொங்கா, அக்கோர்டியன். அந்த வருடங்களில் சியாற்றிலிலிருந்து நிர்வாணா போன்ற குழுக்கள் உறுமிக்கொண்டிருந்தபோது இவர்கள் கலியாண வீட்டுக் கொட்டிலில் இருந்து பாடுவதுபோலப் பாடினார்கள்.

எனக்கு அது பிடித்ததன் காரணம் அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. எங்களிடமும் இது இருந்தது. 1960களின் கடைசியிலிருந்து நித்தி கனகரத்தினம், பிறகு ஏ.ஈ.மனோகரன் என்று ஈழத்துப் பொப்பிசை பாடியவர்கள் செய்தது இதைத்தான். மாமி, கள்ளு என்று ஊர் கதைக்கிற பேச்சிலேயே பாட்டுக் கட்டினார்கள். பெரியவர்கள் அதைப் பாட்டென்றே மதிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து யாழ்ப்பாணம் எப்படிச் சிரித்தது என்று தெரியவேண்டுமானால் இன்றைக்கு அந்தப் பாட்டுக்களிடம்தான் போகவேண்டும்.

இதுதான் நான் சொல்லவருவது. சோகப்பாட்டு இழந்த ஊரைச் சொல்லும். பகிடிப்பாட்டு இருக்கிற ஊரைச் சொல்லும்: என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கடைக்குப் போனார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள். ரொறன்ரோக்காரர்கள் 'ஸ்கார்பீரியா' என்று நக்கலடித்த இடத்திலிருந்து வந்து, அதை மறைக்காமல் பாடினார்கள் இவர்கள். நாங்கள் அதே தெருக்களில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டோம். ஊரை நினைத்து எத்தனை பாட்டுக் கட்டினோம்! வோர்டன் பஸ்ஸைப் பற்றி, கோப்பை கழுவினதைப் பற்றி, எத்தனை?

1994இல் வந்த மூன்றாவதை, 'மேபி யூ ஷுட் ட்ரைவ்' என்பதை, அப்போது நான் ஒதுக்கிவிட்டேன். பகிடி குறைவு, விற்பனையும் 'கோர்டன்' போல இல்லை. அடுத்த வருடம் அன்டி கிறீகன் குழுவை விட்டுப் போனார். கெவின் ஹேர்ன் வந்தார். இப்போது கேட்டால் அது நல்ல வெளியீடு. இருபத்திநாலு வயதில் சோர்ந்துபோனவர்களின் பாட்டுக்கள். நானும் அந்த வயதுதான்.

நாலாவது 1996இல். 'போர்ன் ஒன் எ பைரற் ஷிப்'. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது உங்களுக்குத் தெரியும். அம்மாவும் அந்தச் சனத்தோடு தென்மராட்சிக்கு நடந்தா. 1996 தொடக்கத்தில், ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காலமானா. எனக்குக் கடிதம் வர ஆறு கிழமை. பத்திரம் கிடைத்து, ஸ்பொன்சர் பண்ணப் படிவம் நிரப்பி வைத்திருந்தேன்.

அந்த வெளியீட்டில், தான் முன்பு குடியிருந்த வீட்டுக்குள் ஒருவன் கதவை உடைத்துக்கொண்டு போய், ஏன் சுவருக்கு வேறு நிறம் பூசினார்கள் என்று கோபப்படுகிற பாட்டு இருக்கிறது. அவர்கள் பாடியது ரொறன்ரோவின் ஒரு வாடகை வீட்டை. நான் கேட்டது எங்கள் வீட்டை. அதற்குப் பிறகு மில்லியன் டொலர் விளையாட்டுக்கு நான் போகவில்லை. அண்ணைமாரும் கேட்கவில்லை.

1998 ஜனவரி முதலாம் திகதி ஸ்காபரோ என்ற நகரசபை இல்லாமல் போய், ரொறன்ரோவோடு சேர்க்கப்பட்டது. அதே வருடம் ஒக்ரோபரில் ஸ்காபரோப் பெடியளின் பாட்டு அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலாம் இடத்துக்குப் போனது. 2009இல் பேஜ் பிரிந்து போனார். 2018இல் கனடிய இசைப் புகழ்மண்டபத்தில் குழுவைச் சேர்த்தபோது, அந்த ஒரு மேடைக்கு மட்டும் திரும்பி வந்து சேர்ந்து பாடினார். மற்றவர்கள் அவர் இல்லாமலே தொடர்ந்தார்கள்.

மகள் மில்லியன் டொலர் பாட்டை முழுக்கக் கேட்டாள். சிரித்தாள்.

"அப்பா, நீங்கள் என்ன வாங்கியிருப்பீங்கள்?"

சப்பாத்து என்றேன். பனி உள்ளே போகாதது. அவள் நம்பவில்லை. கசற்றைத் திரும்பவும் வான்கடிதங்களுக்குக் கீழே வைத்து மூடினேன். ஒரு நாள் அவளுக்கு முதல் வரியையும் சொல்லவேணும்.