ஆணியால் எழுதிய அரிச்சுவடி

குடும்பத்தில் ஒருவருக்குக் கண்ணோ காதோ கையோ தளர்ந்துவிட்டால், அவருக்குத் தக்க உபகரணத்தைத் தேடித் தரும் பொறுப்பு அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர்களைத்தான் வந்து சேர்கிறது. இன்று அதற்குக் கடைகள் உண்டு, விலைப்பட்டியல்கள் உண்டு. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்போ, தகப்பனாரோ தமையனோ உற்ற நண்பரோ தம் கையாலேயே செய்து கொடுத்தால்தான் உண்டு. அவ்வாறு செய்யப்பட்டவற்றுள், பார்வை இழந்தோர்க்கு எழுத்தைத் தருவதற்காக இத்தாலியிலும் பிரான்சிலும் நிகழ்ந்த முயற்சிகளின் விருத்தாந்தம் என் மனத்தை நெடுநாளாகக் கவர்ந்திருக்கிறது. ஒரு கருவி எவருடைய சௌகரியத்துக்காக அமைய வேண்டும் என்ற வினாவை அவ்வளவு தெளிவாக எழுப்பும் வேறு வரலாறு எனக்குத் தெரியாது.

டஸ்கனியின் வடகோடியில் மலைகளுக்கிடையே பிவிட்சானோ என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூர்ப் பாந்தோனி குடும்பத்தைச் சேர்ந்த கரோலினா என்னும் பிரபுகுல மாது இளமையிலேயே பார்வையை இழந்தார். கடிதம் எழுத விரும்பினால் ஒருவரை அருகில் அமர்த்திச் சொல்லச்சொல்ல எழுதுவிக்க வேண்டும். வந்த கடிதத்தையும் பிறர்தான் படித்துக் காட்ட வேண்டும். படிப்பதற்கு மாற்று வழி கிடைக்கவில்லையாயினும், தம் அந்தரங்கத்தைத் தாமே எழுதும் சுதந்திரமாவது அவருக்கு வாய்க்கட்டும் என்று கருதி, பெல்லக்ரினோ டுர்ரி என்னும் நண்பர் விசைகளை அழுத்தி எழுத்துப் பதிக்கும் யந்திரமொன்றை அமைத்துக் கொடுத்தார். அதை முதலில் வகுத்தவர் கரோலினாவின் சகோதரர் அகோஸ்தினோ என்றும், டுர்ரி அதனைச் செப்பம் செய்தவர் என்றும் மற்றோர் அபிப்பிராயம் நிலவுகிறது. எவர் செய்திருப்பினும், அன்பினால் விளைந்த சாதனம் அது என்பதில் ஐயமில்லை. யந்திரம் காலத்தில் மறைந்துவிட்டது. 1808 முதல் 1810 வரை அதில் பதிக்கப்பெற்ற கடிதங்கள் சில மட்டும் ரெஜ்ஜோ எமீலியா நகரத்து ஆவணக் களரியில் பாதுகாக்கப்படுகின்றன. கண்ணில்லாதவர் மைக்கூட்டையும் பேனாவையும் கையாள்வது துர்லபமாதலால், மை பூசிய கறுப்புத்தாள் ஒன்றை இடையே வைத்து அதன்மேல் எழுத்தை அழுத்தும் முறை அந்த யந்திரத்தில் கையாளப்பட்டது. அந்தக் கறுப்புத்தாள் தீர்ந்துவருகிறதே என்ற கவலையை அம்மாது ஒரு கடிதத்தில் டுர்ரிக்குத் தெரிவித்திருக்கிறார். யந்திரம் வந்த பின்னும் தாளுக்கு இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. கருவியைத் தருகிறவர் அதன் அன்றாடச் சம்ரட்சணையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.

அந்தக் கடிதங்கள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே கூவ்ரே என்னும் கிராமத்தில், குதிரைச் சேணம் தைக்கும் சிமோன் ரெனே பிரெயிலுக்குக் கடைக்குட்டியாக லூயி பிறந்தான். மூன்று வயதில் தகப்பனாரின் பட்டறையில் தோல் வேலைக்குரிய கூரிய கருவியொன்றை எடுத்து விளையாடப்போக, அது ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்வைத்து மற்றைக் கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளி இழந்தன. கண்ணற்ற ஏழைக் குழந்தைகள் தெருவில் கையேந்தி நிற்பதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், சிமோன் ரெனே தம் மகனுக்கு ஊன்றுகோல் செதுக்கிக் கொடுத்து, ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்து, சேணத்தில் அடிக்கும் குமிழ்த்தலை ஆணிகளைப் பலகையில் வரிசையாக அறைந்து அகர வரிசையின் உருவங்களை அமைத்து, சின்னஞ்சிறு விரலைப் பிடித்து அவற்றின்மேல் நடத்தினார் என்று அக்குடும்பத்து மரபு கூறுகிறது. தொழிலாளியின் பெட்டியில் கிடந்த ஆணியே அரிச்சுவடியாயிற்று. மகனின் விரல் எதை உணரும், எதை உணராது என்பதை அந்தத் தகப்பனார் அருகிருந்து பார்த்திருக்கிறார். ராஜதானியிலிருந்த பண்டிதர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

பாரிஸில் வாலந்தான் ஹாவி என்னும் தயாளர் 1785இல் கண்ணற்ற சிறார்க்கென ஒரு பாடசாலையை நிறுவியிருந்தார். நனைத்த தாளைப் பெரிய அச்சுக்களின்மேல் அழுத்திச் சாதாரண எழுத்துக்களையே புடைப்பாக எழுப்பும் முறை அவருடையது. பத்து வயதில் லூயி அங்கே சேர்ந்தபோது, அவன் கைக்குக் கிடைத்தவை அத்தகைய கனத்த புத்தகங்கள் சிலவே. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் சுற்றிவந்து அறிந்துகொள்வதற்குள் முந்திய சொல் நினைவினின்றும் நழுவிவிடும். படிப்பதாவது கூடும், எழுதுவதோ அறவே இயலாது. ஹாவியின் கருணை அளவிறந்தது. இருந்தும், கண்ணுடையோர் பார்த்தவுடன் வாசிக்கத்தக்க எழுத்தாகவே அது இருக்கவேண்டும் என்ற எண்ணம் அந்தக் கருணைக்குள் மறைந்திருந்தது. அதனால் ஆசிரியர்க்கும் வந்து பார்ப்பவர்க்கும் சௌகரியம், சிரமமெல்லாம் மாணாக்கருக்கு.

1821ஆம் ஆண்டில் ஷார்ல் பார்பியே என்பவர் புள்ளிகளால் எழுதும் முறையொன்றை அந்தப் பாடசாலைக்குக் கொணர்ந்தார். கோட்டைவிடப் புள்ளியை விரல் எளிதில் அறியும் என்பதை அவர் கண்டது பெரிய காரியம். ஆனால் எழுத்துக்கூட்டலின்றி ஒலியை மாத்திரமே குறித்த அம்முறையில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள்வரை வேண்டியிருந்தமையால், விரல் நுனி ஒரே தொடுகையில் அதனை அடக்க முடியவில்லை. லூயி இராப்பகலாக முயன்று, 1824இல், தம் பதினைந்தாம் வயதில், அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது. இரண்டு புள்ளி அகலம், மூன்று புள்ளி உயரம். அவ்வளவும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கும். அறுபத்துமூன்று குறிகள் அதிலிருந்து பிறக்கும். எழுதுவதற்கு, சட்டத்தில் தாளைச் செருகி, சிறு சாளரங்களில் எழுத்தாணியை வைத்து வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டு போகவேண்டும். தாளைத் திருப்பினால் புடைத்த புள்ளிகள் இடமிருந்து வலமாக வாசிக்கக் கிடைக்கும். சட்டைப்பையில் அடங்கும் உபகரணங்கள். மையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

அப்பாலும் ஒரு குறை எஞ்சிநின்றது. கண்ணற்றவர் இருவர் தம்முள் கடிதம் எழுதிக்கொள்ளலாம். வீட்டாருக்கு எழுதினால் புள்ளிகள் அவர்களுக்கு விளங்கா. இதற்காகவே லூயி 1839இல், சாதாரண எழுத்துக்களின் வடிவத்தையே புள்ளிகளால் அமைக்கும் இன்னொரு முறையை வெளியிட்டார். அதற்கு எண்ணிக்கைக் கணக்கு மிகுதி, கை சலிக்கும். ஆகவே அதே பாடசாலையில் பயின்றவரும் பார்வையற்றவருமான பியர் பூக்கோ, 1840களின் தொடக்கத்தில் அதற்கோர் யந்திரத்தையும் சமைத்தார். கருவி வேண்டியவரும் அதனைச் செய்தவரும் ஒரே இருளில் வாழ்ந்தவர்களாயிருந்தது கவனிக்கத்தக்கது.

இவ்வளவு பிரத்தியட்சமான பயனைக் கண்டபின்னும் அதிகார பீடம் இணங்கிவிடவில்லை. 1840இல் தலைமை ஏற்ற டுபோ, புள்ளி எழுத்தைப் பாடசாலையில் தடைசெய்தார். மாணாக்கரோ மறைவாக அதனையே பயின்றுவந்தார்கள். நான்காண்டுகள் கழித்து, புதிய கட்டடத் திறப்பு விழாவில் சபையோர் முன்னிலையில் அதன் திறன் நிரூபிக்கப்பட்ட பிறகே தடை தளர்ந்தது. லூயி 1852இல் காலமானார். பிரான்சு அம்முறையை முறைப்படி ஏற்றது அதற்கும் இரண்டாண்டுகள் பின்னர், 1854இல். நம் நாட்டில் பல மொழிகளுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது 1951இல். தமிழும் அந்த ஆறு புள்ளிகளிலேயே இன்று எழுதப்படுகிறது.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும், நம் வீடுகளில் நடப்பது எனக்கு நினைவுக்கு வருகிறது. மங்கிய கண்ணும் நடுங்கும் விரலும் உடைய பாட்டிக்கு, பேரப்பிள்ளைகள் தாங்கள் விரும்பும் வழவழப்பான கைபேசியையே வாஞ்சையோடு வாங்கித் தந்துவிடுகிறார்கள். எங்கே தொட்டால் என்ன நிகழும் என்று விரலுக்கு அடையாளம் ஏதுமில்லாத அக்கண்ணாடியை அவர் இருமுறை தடவிப் பார்த்துவிட்டு, 'என் கைக்கு இது சரிப்படாது' என்று அலமாரியில் வைத்துவிடுகிறார். குற்றம் அவருடைய முதுமையின்மேல் சுமத்தப்படுகிறது, அது நியாயமன்று.

அன்பர்கள் அடுத்தமுறை பெற்றோர்க்கோ பாட்டன் பாட்டிக்கோ ஏதேனும் ஒரு கருவி வாங்கப் புறப்படும்போது, அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அழைக்க இயலாவிடில், திருப்பிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு வாங்கிவந்து, அவர் கையில் கொடுத்து, நீங்கள் அருகே வாய்திறவாமல் உட்கார்ந்திருந்து, அவரே ஒருமுறை உறவினரை அழைத்துப் பேசி முடிக்கும்வரை பாருங்கள். அதன் பிறகு விலையைக் கொடுங்கள்.