அளவுகோல் யார் கையில்?

வேணாட்டு மன்னர்களின் அரண்மனை விளங்கிய ஊர் இரணியல். 1956இல் தமிழகத்தோடு இணையும்வரை அது திருவிதாங்கூர் மண். அந்நாட்டில் அன்று அரசின் கணக்கும் ஆணையும் பனையோலையில் எழுதப்பட்டன. எழுதிய கணக்கனுக்குச் சம்பளம் உண்டு. ஓலை வெட்டித் தந்தவனுக்கு? ஒன்றுமில்லை!

பனையேறுவது எளிய வேலையா? பாளை சீவிப் பதநீர் இறக்கும் கைப்பக்குவம் இளமை முதல் பழகி வருவது. கால் தவறினால் உயிர் போகும். அத்தொழிலில் வல்லவரான நாடார்களிடம் அரசு கூலியின்றி ஓலை பெற்றது. 'ஊழியம்' என்று அதற்கொரு பெயரும் சூட்டிற்று. போதாதென்று தலைவரியும் வாங்கிற்று!

"படிப்பில்லாதவர், அதனால் அந்நிலை" என்பர் சிலர். படித்தவர் கதி என்ன? ஈழவராகப் பிறந்த பல்பு சென்னையில் மருத்துவம் கற்றுத் தேர்ந்தார். திருவிதாங்கூர் அரசு அவருக்கு வேலை மறுத்தது. மைசூர் அரசு ஏற்றுக்கொண்டது. கற்ற கல்வி ஒன்றே, கற்றவரும் ஒருவரே. எல்லை தாண்டியதும் மதிப்பு பிறந்தது எப்படி? மாதம் 5 ரூபாய்ச் சம்பளத்தில்கூட ஓர் ஈழவர் அரசுப் பணியில் இல்லை என்று 1891இல் மலையாளி மெமோரியல் எடுத்துரைத்தது. 1896இல் பல்பு முன்னின்று, 13,176 பேரின் கையொப்பத்தோடு ஈழவர் மெமோரியலை அரசுக்கு அளித்தார்.

திறமைக்கேற்ற ஊதியம் என்கிறார்கள். திறமையை அளந்த கோல் அன்று சாதியின் கையிலன்றோ இருந்தது! விலை பேசும் உரிமை இல்லாதவனின் திறமைக்கு விலை ஏது? ஆகவே தோழர்களே, ஊதியம் எவ்வளவு என்று கேட்குமுன், அதை அளப்பவர் யார் என்று கேளுங்கள்!