கடலுக்கடியில் ஒரு மேடு, பக்கத்தில் ஒரு எல்லை

இரண்டு நாடுகளுக்கு நடுவில் மலை இருந்தால் எல்லை கண்ணுக்குத் தெரியும். கடலில் என்ன செய்வது? மன்னார் வளைகுடாவிலும் மேடுகள் உண்டு, ஆனால் அவை தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. சிப்பி வளரும் பாறைத் திட்டுகளைத் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் 'பார்' என்பார்கள்.

1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் மன்னாரையும் பிடித்தார்கள். இரு கரை முத்துக்குளிப்பும் ஒரே கையில் இருந்ததால் நடுவில் கோடு தேவைப்படவில்லை!

கோடு வந்தது 1976 மார்ச் 23-ல். இந்தியாவும் இலங்கையும் வளைகுடாவில் 13 புள்ளிகளைக் குறித்து இணைத்தன. ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்றும் முடிவானது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் சுமார் 10,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்த மேடு ஒன்று இருக்கிறது. பெயர் வாட்ஜ் பேங்க். ஆழம் குறைவு, மீன் அதிகம். 1920களிலேயே கொழும்பிலிருந்து டிராலர்கள் இங்கு வந்தன. 1976-ல் அது இந்தியாவுக்கு என்று முடிவானது. இலங்கைக்குக் கிடைத்தது மூன்று வருட அவகாசம்: அதிகபட்சம் 6 கப்பல்கள், வருடத்துக்கு 2,000 டன் மீன். அதன் பிறகு ஐந்து வருடம் அதே 2,000 டன்னை விலைக்குத் தர இந்தியா ஒப்புக்கொண்டது. நிலத்தைப் பிரிப்பது போல இல்லை, வியாபாரக் கணக்கு முடிப்பது போலத்தான் இருக்கிறது!

அந்தக் கணக்கில் மீனவர்களுக்குத் தனி இடம் இல்லை. 2024 ஆகஸ்டில் எல்லை தாண்டியதாகச் சொல்லி, தூத்துக்குடி மாவட்டம் தருவைக்குளத்து மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை கைது செய்தது. காற்றும் நீரோட்டமும் படகைத் தள்ளும்போது, கோட்டைக் காட்ட அங்கே மலை எதுவும் இல்லை.