நாய்க்குட்டி கடிக்கிறதா? பல் மாறும் ஏழு மாதங்களில் வீட்டார் செய்ய வேண்டியவை

வீட்டுக்கு வந்த முதல் வாரம் குட்டி எல்லாருக்கும் செல்லம். மூன்றாவது வாரத்தில் பிள்ளைகளின் கையிலும் கணுக்காலிலும் கீறல் விழத் தொடங்கும். பள்ளிக் காலணியின் நாடா அறுந்து கிடக்கும். பாட்டியின் சேலைத் தலைப்பில் ஓட்டை விழும். நான்காவது மாதத்தில், "இது கடிக்கிற நாய், நமக்கு வேண்டாம்" என்ற பேச்சு வீட்டில் எழும்.

அந்தப் பேச்சின் முடிவில் சந்தைக்குப் பின்புறமோ கோயில் அருகிலோ கொண்டுபோய் விடப்படும் குட்டிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கெட்ட நாய்கள் அல்ல. பல் மாறும் வயதில் இருந்தவை. இன்னும் இரண்டு மூன்று மாதம் சரியாகப் பழக்கியிருந்தால், அதே குட்டி வீட்டுக்குக் காவலாக வளர்ந்திருக்கும்.

தோட்டத்துக் குட்டியும் தாமான் குட்டியும்

தோட்டத்து லயங்களில் நாய் வளர்த்தவர்களுக்குக் குட்டி கடிப்பது பெரிய சங்கதியாகவே இருந்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. அங்கே குட்டிகள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் வளர்ந்தன. ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, வலி தாங்காத குட்டி கத்திவிட்டு விலகிப் போகும். விளையாட்டு நின்றுவிடும். மிஞ்சிப் போனால் தாய் உறுமும். இப்படித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொண்டது. பால் பற்கள் ஊசிபோல் கூர்மையாக இருப்பதும் இந்தப் பாடத்துக்கு உதவுகிறது. தாடையில் பலமில்லாத வயதிலேயே கடித்தால் வலிக்கும் என்பது மற்றக் குட்டிகளின் கத்தலிலிருந்து அதற்குத் தெரிந்துவிடுகிறது.

இன்று நிலைமை வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 1998ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட புக்கிட் ஜாலில் விளையாட்டு வளாகம் இருக்கும் வட்டாரமும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். கிள்ளான் தாமான்களின் வரிசை வீடுகளிலும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும், மஸ்ஜித் இந்தியாவில் கடைக்கு மேல்மாடியிலும் வளரும் குட்டிக்குக் கூட விளையாட இன்னொரு குட்டி இல்லை. பல நேரங்களில் அது ஐந்தாறு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. அதன் கண்ணில் படுவது மனிதர்களின் கைகால்கள் மட்டுமே. அன்று லயத்தில் மற்றக் குட்டிகள் சொல்லிக்கொடுத்ததை இன்று வீட்டிலுள்ளவர்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள், குறைந்தது எட்டு வாரமாவது தாயோடு இருந்த குட்டியை எடுப்பது நல்லது.

பற்களின் கணக்கு

நாய்க்குட்டி பல் இல்லாமல் பிறக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பால் பற்கள் முளைக்கத் தொடங்கி, ஏறக்குறைய எட்டு வாரத்துக்குள் 28 பற்களும் வந்துவிடும். மூன்றரை மாதம் முதல் முன்பற்கள் விழத் தொடங்குகின்றன. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோரைப் பற்களும் பக்கப் பற்களும் மாறுகின்றன. ஏழு மாத வாக்கில் 42 நிரந்தரப் பற்களும் முளைத்திருக்கும்.

மெல்லும் வெறி மிகுதியாக இருப்பது நான்காவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையில்தான். ஈறு தினவெடுக்கும். எதையாவது அழுத்திக் கடித்தால்தான் அதற்கு ஆறுதல். விளையாட்டுப் பொருளில் ஓரிரு துளி இரத்தம் படிவதும், எச்சில் அதிகம் வடிவதும், விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிடுவதும் இந்த வயதில் வழக்கமானவை. அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

கையைக் கடிக்கும்போது என்ன செய்வது?

முதலில் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அசையும் பொருளைத் துரத்திப் பிடிப்பது நாயின் இயல்பு. இழுத்தால் கீறலும் ஆழமாகும், குட்டிக்கும் அது விளையாட்டாகிவிடும். கையை அப்படியே அசையாமல் வைத்து, பேச்சையும் பார்வையையும் நிறுத்தி, குட்டி வாயைத் தளர்த்தியதும் எழுந்து திரும்பி நிற்க வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடி விளையாடலாம். மீண்டும் கடித்தால் மீண்டும் அதே செயல். மூன்றாவது தடவையும் கடித்தால் அறையைவிட்டு வெளியேறிவிடலாம். பல் தோலில் பட்டால் விளையாட்டு முடிந்துவிடும் என்பதைக் குட்டி சில வாரங்களில் புரிந்துகொள்ளும்.

"ஆ" என்று கத்தினால் சில குட்டிகள் நிறுத்தும். சில இன்னும் துள்ளும். துள்ளுகிற குட்டியிடம் கத்தாமல் விலகுவதே பலன் தரும்.

விரலை ஆட்டிக் காட்டிக் கடிக்க வைக்கும் விளையாட்டு வேண்டாம். இதில் வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது முக்கியம். தாத்தா விரலைக் கடிக்கக் கொடுத்துச் சிரித்து, அதே கடிக்கு அப்பா அடித்தால், எது சரி என்று குட்டிக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு காரணமும் உண்டு. சின்னக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கும் மேல் தூங்க வேண்டும். மாலையில் பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்து, விருந்தாளிகள் கூடி, தொலைக்காட்சி சத்தமும் சேர்ந்தால் அதற்குத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்ட குட்டி கைக்குழந்தைபோல் அடம்பிடிக்கும், கண்மண் தெரியாமல் கடிக்கும். அப்போது அதற்குத் தேவை தூக்கம். அமைதியான மூலையில் ஒரு பெட்டியோ சாக்கு விரிப்போ போட்டுப் படுக்க வைத்தால், பத்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

மெல்லக் கொடுக்கக் கூடியவை

பழைய தேங்காய்ப்பூத் துண்டைத் தண்ணீரில் நனைத்து முறுக்கி, ஐஸ் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். நூல் பிரியத் தொடங்கினால் எடுத்துவிட வேண்டும். குளிரவைத்த கேரட் துண்டும் கொடுக்கலாம், ஆனால் ஒருவர் அருகில் இருந்து பார்க்க வேண்டும். கடையில் ரப்பர் பொம்மை வாங்கினால் குட்டியின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவில் இருக்கட்டும். நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கும் ரப்பர்தான் சரி. அமுங்காத கடினப் பொருள் பல்லையே உடைத்துவிடும்.

நாலைந்து பொருட்களை வைத்துக்கொண்டு தினமும் இரண்டை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் குட்டிக்குச் சலிக்காது. பழைய செருப்பைக் கொடுத்துப் பழக்க வேண்டாம். பழைய செருப்புக்கும் நேற்று வாங்கிய புதுச் செருப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

கொடுக்கவே கூடாதவை

வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். மாங்கொட்டையும் சோளக் கட்டையும் குடலை அடைத்துவிடும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லெட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. மிஞ்சிய குழம்புச் சோற்றை நாய்க்குப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். குழம்பில் வெங்காயமும் பூண்டும் கலந்திருப்பதை மறந்துவிடுகிறோம். வெறும் சோற்றோடு வேகவைத்த கோழிக்கறியோ மீனோ முள்ளெலும்பு நீக்கிக் கலந்தால் போதும்.

வாசலில் அரளிச் செடி இருந்தால் குட்டி எட்டாதபடி வேலி வேண்டும். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் அப்படித்தான். மின்கம்பிகளைச் சுவரோரம் உயர்த்திக் கட்டிவிட வேண்டும்.

வலி என்று நினைத்து வீட்டிலுள்ள பராசிட்டமோல், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. மனிதருக்கான வலி மருந்து நாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடித்தால் அடங்குமா?

மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, வாயில் மிளகாய்த் தூள் தடவுவது, சங்கிலியில் நாள் முழுதும் கட்டிப்போடுவது எல்லாம் பழைய வைத்தியங்கள். அடிபட்ட குட்டி கையைக் கண்டால் பயப்படும். பயந்த நாய் எச்சரிக்காமல் கடிக்கும். ஐந்து மாதத்தில் விளையாட்டாகக் கடித்த குட்டி இரண்டு வயதில் உண்மையாகவே கடிப்பதற்கு இப்படித்தான் அடித்தளம் போடப்படுகிறது.

சட்டமும் இதில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. விலங்கைக் கொடூரமாக அடிப்பது, உதைப்பது, துன்புறுத்துவது குற்றம். குறைந்தது 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பிள்ளைகளும் அண்டை வீட்டாரும்

சிறு பிள்ளைகளைக் குட்டியோடு தனியாக விடக் கூடாது. குட்டி பாய்ந்தால் ஓடாமல், கையை மடக்கிக்கொண்டு மரம்போல் நிற்கப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். ஓடினால் துரத்தும், நின்றால் சலித்துப் போய்விடும். குட்டி சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்பது வீட்டில் கண்டிப்பான விதியாக இருக்கட்டும்.

மஸ்ஜித் இந்தியா போன்ற இடங்களில் இந்துவும் முஸ்லிமும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். நாயின் எச்சில் பட்டால், இங்குள்ள முஸ்லிம் அன்பர்கள் அந்த இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கும். குட்டி ஆசையாகப் பாய்ந்து கணுக்காலைக் கவ்வினாலும் தொழுகைக்குப் புறப்பட்டவருக்கு அது பெரும் சிரமம். ஆகவே வாசலைத் தாண்டும்போதெல்லாம் கழுத்துப்பட்டையும் கயிறும் கட்டாயம். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், பல மனத்தாங்கல்கள் வராமலே போகும்.

நாய் வளர்க்க ஊராட்சி மன்ற உரிமம் தேவை. பிரிக்பீல்ட்சும் மஸ்ஜித் இந்தியாவும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழ் வருகின்றன. கிள்ளானில் இருப்போர் கிள்ளான் அரச மாநகர் மன்றத்தை அணுக வேண்டும். எத்தனை நாய் வளர்க்கலாம், அடுக்குமாடியில் அனுமதி உண்டா என்பது மன்றத்துக்கு மன்றம் மாறுபடும். குட்டியை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடிபட்டு இரத்தம் வந்தால்

குட்டியின் கடிதானே என்று விட்டுவிடக் கூடாது. ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் வைக்காமல் கிளினிக்குக்குப் போக வேண்டும். விறைப்புநோய்த் தடுப்பூசி தேவையா, வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் அது மனித உயிர்களைப் பலி வாங்கியிருக்கிறது. நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கழுவுவதும் உடனே மருத்துவரைப் பார்ப்பதும்தான் உயிரைக் காக்கும்.

குட்டிக்கும் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம் வரை இடைவெளி விட்டுத் தடுப்பூசிகள் போட வேண்டும்.

கால்நடை மருத்துவரிடம் எப்போது?

ஆறு மாதம் கடந்தும் பால் பல் விழாமல், புதுப் பல்லோடு சேர்ந்து இரட்டையாக நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொமரேனியன், ஷிட்சூ போன்ற சிறு வகை நாய்களில் இது அதிகம். அப்படியே விட்டால் இடையில் உணவு தங்கி ஈறு கெடும், பல்வரிசை கோணும். ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் இருப்பது, முகம் வீங்குவது, இரத்தம் நிற்காமல் வருவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

விளையாட்டுக் கடியில் உடல் தளர்ந்திருக்கும், வால் ஆடும். மாறாக, சாப்பாட்டுத் தட்டின் அருகே போனால் உடலை விறைத்து, உதட்டைத் தூக்கி, அடித்தொண்டையில் உறுமினால் அது பல் மாறும் கோளாறு அல்ல. வாயிலிருப்பதைப் பிடுங்காமல், அதைவிட ருசியான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொண்டு, மருத்துவரிடம் யோசனை கேட்க வேண்டும். செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்போருக்குப் பக்கம்தான். வைத்துக்கொள்ளவே முடியாத நிலை வந்தால், அம்பாங்கில் இயங்கும் எஸ்.பி.சி.ஏ. போன்ற விலங்கு நல அமைப்பிடம் பேசிப் பார்க்கலாம். தெருவில் விடுவது தீர்வாகாது.

குட்டி வந்த நாளன்றே நாட்காட்டியில் அதன் ஏழாவது மாதத்தைக் குறித்து வைக்கலாம். காலணி நாடா அறும்போதெல்லாம் அந்தத் தேதியை ஒரு முறை பார்த்துக்கொண்டால், பொறுமை தானாக வரும்.