கோட்டுக்கு வெளியே ஒரு கை

2023 ஜூன் 21. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இந்தியா–பாகிஸ்தான் கால்பந்து. பட்டாபிராம் வீட்டில் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாகிஸ்தான் வீரர் த்ரோ-இன் போடப் போக, நம்ம பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் பந்தைத் தட்டிவிட்டார். தள்ளுமுள்ளு. அவருக்குச் சிவப்பு அட்டை. நானோ ‘செம!’ என்று கை தட்டினேன்.

2013 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்திலும் இப்படித்தான். பந்தோடு ஓடிவந்த ஜக்கோபி ஜோன்ஸின் வழியில், எதிரணிப் பயிற்சியாளர் மைக் டாம்லின் கோட்டோரம் நின்றார். ஜோன்ஸ் விலகி ஓட வேண்டியதாயிற்று. டாம்லினுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். அந்த வீடியோவைப் பார்த்து ‘அநியாயம்’னு சொன்னவனும் நான்தான்.

பயிற்சியாளர் கத்தலாம், ஆளை மாற்றலாம். ஆட்டம் கோட்டுக்குள்ளே இருப்பவர்களுடையது. ஸ்டிமாச் கை நீட்டியபோது நாம் 2-0 முன்னிலை. கடைசியில் 4-0, சேத்ரிக்கு மூன்று கோல். அந்தக் கைக்குத் தேவையே இருக்கவில்லை. என் கைத்தட்டலுக்கும்தான்.